தலைக்காயமும் நமது கடமையும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. எனினும், விளையாட்டிடத்தே தலையில் அடிபட்ட மாணவன் எழுந்து நின்றதும், "ஒன்றுமில்லை, போய் விளையாடு" என்று கூறிவிடுகின்றோம். ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில் யானும் அவ்வாறு கூறியவனே. அஃது எத்துணைத் தவறென்பதை உணர்த்தவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

1998 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் டாக்கா நகரிலே நடைபெற்ற துடுப்பாட்டப் போட்டியொன்றில், இந்திய வீரர் ராமன் லம்பா தலைக்கவசம் அணியாது துடுப்பாளருக்கு மிக அண்மையில் நின்றார். விரைந்து வந்த பந்து அவர் தலையைத் தாக்கிற்று. அவர் எழுந்து, தம் காலாலேயே நடந்து வெளியேறினார். சிறிது நேரத்தில் நினைவிழந்தார். சத்திரசிகிச்சை செய்தும் பயனின்றி மூன்று நாட்களின் பின் உயிர்நீத்தார்.

நடந்து சென்றவர் மாள்வது எங்ஙனம்? அதற்குரிய வழிகளுள் ஒன்றைக் கூறுவாம். கன்னப்பொறியருகே மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தே மூளையின் உறைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியொன்று ஓடுகின்றது. எலும்பு வெடிப்பின் அந்நாடி கிழியலாம். கசியும் குருதி எலும்புக்கும் உறைக்கும் இடையே தேங்கும். மண்டையோடோ விரிந்து கொடாத பேழை. ஆதலின், குருதி பெருகப் பெருக மூளை அமுக்கப்படும். முதலிலே தெளிவாகப் பேசியவன் சில மணி நேரத்தில் மயங்குவது இதனாலேயாம். அத்தெளிவு நம்மை ஏமாற்றும் தெளிவு.

எனவே வைத்தியர் புறக்காயத்தை மட்டும் பாரார். உணர்வு நிலையை அளப்பர். 1974 இல் கிளாஸ்கோ நகரத்து அறிஞர்களாகிய ரீஸ்டேல், ஜெனற் என்போர் வகுத்த அளவுகோல் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அதன் இன்றைய வடிவிலே கண்திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கடுங்காயத்தின் அடையாளம். அப்போது சுவாசவழியைக் காப்பதே முதல் வேலை. அடிபட்ட கணத்திலே மூளைக்கு நேர்ந்த சேதத்தை மாற்றுதல் அரிது. ஒட்சிசன் குறைவாலும் குருதியமுக்கம் வீழ்வதாலும் பின்னர் விளையும் சேதத்தையோ தடுக்கலாம். புள்ளிகளை மீண்டும் மீண்டும் கணிப்பர். அவை இறங்கின் ஆபத்தென அறிவர். உள்ளே குருதி தேங்கியிருப்பதைச் சி.ரி. படம் காட்டும், வேண்டின் சத்திரசிகிச்சை நிபுணர் மண்டையோட்டைத் திறந்து அதனை அகற்றுவர்.

நாம் செய்யத்தக்கன சிலவே. அடிபட்டவனை அன்று மீண்டும் விளையாட விடலாகாது. கழுத்தை அசையாது காத்தல் வேண்டும். உண்ணவோ பருகவோ கொடாதிருத்தல் நன்று. கணநேரம் நினைவு தப்பினும், பலமுறை வாந்தியெடுப்பினும், தலைவலி மிகினும், பேச்சுத் தடுமாறினும், வலிப்பு வரினும், ஒரு கண்மணி பெரிதாகத் தோன்றினும், காதிலோ மூக்கிலோ தெளிநீர் வடியினும் தாமதியாது 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து, வைத்தியசாலைக்கு அனுப்புக. இவை எவையும் இல்லாதவனையும் அன்றிரவு தனியே விடலாகாது. விடுதி மாணவனாயின் விடுதி ஆசிரியரே விழித்திருந்து பார்த்தல் வேண்டும்.

யூபிலி விழாக் கொண்டாடும் பழைய மாணவர்கள் கல்லூரிக்குப் பல நன்கொடைகள் வழங்குவர். அவற்றுள் துடுப்பாட்ட அணிக்குரிய தலைக்கவசங்கள் சிலவும் இடம்பெறின், அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை.