காரீயத் தூசியும் தொழிலாளர் உரிமையும்



மின்தடை நேரத்தில் நம் கடை விளக்கு அணையாமல் காப்பது இன்வெர்ட்டர் பேட்டரி. அதன் எடையில் பெரும்பகுதி காரீயம். பேட்டரி செய்யும் இடத்தில் அது தூசியாகவும் புகையாகவும் பறக்கும். மூச்சு வழியாகவும், கழுவாத கையால் உண்ணும் சோறு வழியாகவும் உடலில் சேரும். இரத்தசோகை வரும், நரம்பும் சிறுநீரகமும் கெடும். வயிற்றிலுள்ள குழந்தையையும் விடாது.

இது குறித்து அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு, ஆள் வைத்துத் தொழில் செய்யும் நாம் அறிய வேண்டியதாகும்.

அந்நாட்டில் 1978-ல் காரீயத் தொழிலுக்கென விதி வந்தது. 8 மணி நேர வேலையில், ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கலாகாது. இரத்தத்தில் அளவு மிகுந்தால் தொழிலாளியை அந்த வேலையிலிருந்து மாற்ற வேண்டும். 18 மாதம் வரை சம்பளத்தைக் குறைக்கக் கூடாது.

ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனத்தில், 1979 முதல் 1983 வரை இரத்தத்தில் காரீயம் மிகுந்த நிலையில் 8 பெண்கள் கருவுற்றனர். ஆகவே நிறுவனத்தின் கவலை பொய்யல்ல. ஆனால் அது 1982-ல் கண்ட வழிதான் தவறு. பிள்ளைப்பேறு இல்லை என்று மருத்துவச் சான்று தராத எந்தப் பெண்ணுக்கும் காரீயம் படும் வேலை கிடையாது என்றது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டார். 50 வயதுப் பெண் ஒருவர் வேறு வேலைக்கு மாற்றப்பட்டுச் சம்பளம் இழந்தார். காரீயம் ஆணின் வித்தையும் பாதிக்கும். எனினும், தகப்பனாகுமுன் காரீய அளவைக் குறைத்துக்கொள்ள விடுப்புக் கேட்ட ஆண் தொழிலாளிக்கு அது மறுக்கப்பட்டது.

1984-ல் தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் நிறுவனத்தின் பக்கம் நின்றன. 1991 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெண் என்பதற்காக வேலையை மறுப்பது சட்ட விரோதம். பிறக்கும் பிள்ளையின் நலனை முடிவு செய்ய வேண்டியவர்கள் பெற்றோரே, முதலாளி அல்ல என்று தீர்ப்பளித்தது.

மிளகாய் மண்டியை எண்ணிப் பாருங்கள். நெடி தாங்காத ஆளை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போடுவது சுலபம். ஆனால் நெடி அங்கேயேதான் இருக்கும். அடுத்தவர் அதைச் சுவாசிப்பார். காற்றுப்போக்கி வைத்து, முகக்கவசம் கொடுத்து, கை கால் கழுவத் தண்ணீரும் நேரமும் தருவதே முறை. ஆளை மாற்றுவதற்கு முன் இடத்தைச் சீர் செய்ய வேண்டும்.

பழைய பேட்டரியையும் அவ்வாறே கருத வேண்டும். கூடுதலாக நூறு ரூபாய் கிடைக்கிறதென்று கண்டவரிடம் போட்டால், அதைத் திறந்தவெளியில் உடைத்து உருக்குகிறவரை எந்தப் பாதுகாப்பும் எட்டாது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவோரிடமே கொடுக்க வேண்டும் என்பது 2022-ல் வந்த மத்திய அரசு விதி. புதியது வாங்கும் முகவரிடமே பழையதைக் கொடுத்து ரசீது பெறுங்கள்.