வால்டன் குளம்

வட அமெரிக்காவின் கீழைக் கரையை ஒட்டி மாசச்சூசெட்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அங்குக் காங்கார்டு என்னும் ஊரை அடுத்து, மரங்கள் அடர்ந்த மேடுகளுக்கு நடுவே வால்டன் குளம் அமைந்துள்ளது. பண்டைக்காலத்தில் அந்நிலத்தை மூடிக்கிடந்த பனிப்படலம் பின்வாங்கியபோது, பெரும் பனிப்பாறையொன்று மண்ணிற் புதைந்து எஞ்சியது. அஃது உருகியமையால் உண்டான பள்ளமே இக்குளம். ஆறோ ஓடையோ இதனுட் புகுவதில்லை. நிலத்தடி நீரும் மழையுமே இதனை நிரப்புகின்றன. இதன் பரப்பு ஏறத்தாழ 61 ஏக்கர்.

இச்சிறு குளத்திற்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் ஹென்றி டேவிட் தோரோ என்னும் அறிஞர். அவர் தம் நண்பர் எமர்சனுக்கு உரிய நிலத்தில், பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உள்ள குடிலொன்றை அமைத்து, 1845ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் குடிபுகுந்தார்; ஈராண்டுக்குச் சற்று மேலாக அங்கு வாழ்ந்தார். அக்குளத்திற்கு அடியே இல்லையெனப் பலர் நம்பி வந்தனர். தோரோ கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து, அதன் ஆழம் 102 அடி எனக் கண்டார். அவர் எழுதிய ‘வால்டன்’ என்னும் நூல் 1854இல் வெளிவந்தது.

குளிர்காலத்தில் குளம் உறைந்ததும், பனிக்கட்டியை அறுத்தெடுக்க ஆட்கள் வந்தனர். அந்நாளில் அம்மாநிலத்துப் பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. அதனைச் சேமிக்கக் கடற்கரையில் எழுந்த ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகின்றது. அவ்வாணிகத்தைப் பேசுமிடத்துத் தோரோவும் சென்னையைக் குறிப்பிட்டுள்ளார்.

1866இல் இருப்புப்பாதைக் குழுவினர் அக்கரையில் கேளிக்கைப் பூங்கா ஒன்றை அமைத்தனர். அது 1902இல் எரிந்தழிந்தது. 1922இல் எமர்சன் முதலிய குடும்பத்தினர், குளத்தைச் சூழ்ந்த சுமார் 80 ஏக்கர் நிலத்தை மாநிலத்திற்குக் கொடையாக அளித்தனர். கரையும் காடும் கெடாமற் காத்து, மக்கள் துய்க்க விடுதல் வேண்டும் என்பதே அவர்கள் விதித்த கட்டளை.

எனினும், 1957இல் நீராடுவோர்க்கு இடம் அகலப்படுத்தக் கருதி, மாவட்ட ஆட்சிக் குழுவினர் கரையோர மரங்களை வெட்டிச் சரிவை இடிக்கலாயினர். அன்பர்கள் திரண்டு வழக்குத் தொடுத்தனர். கொடையாளர் கட்டளைக்கு மாறாகக் கரையைச் சிதைத்தல் ஆகாது என மாநில உயர்நீதி மன்றம் 1960இல் தீர்ப்பளித்தது. வெட்டுண்ட மரங்கள் மீளவில்லை. எஞ்சிய காடு பிழைத்தது. 1975 முதல் மாநில அரசே இக்குளத்தைப் பேணி வருகின்றது.

காண வரும் கூட்டமே இன்று இக்குளத்திற்குப் பெருஞ்சுமை. அதனால் இடம் நிரம்பியதும் வாயிலை அடைத்து விடுகின்றனர். ஒரு நீர்நிலையை விரும்புதல் எளிது. அதன் பொருட்டுத் தம் விருப்பத்தை அடக்கிக்கொள்ளுதல் அரிது. அவ்வடக்கமே அதனைக் காக்கும் அரணாகும்.