மணியின் கால் சொன்ன சேதி



ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் ஓர் அக்காவை அண்மையில் சந்தித்தோம். 1983 கலவரத்தின் பின், சிறுமியாகக் குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர். 2009இல் கணவரை இழந்து, முகாம் வாழ்க்கையும் கண்டு, இறுதியில் தம்பி இருக்கும் லயத்துக்கே திரும்பி வந்தார். கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிறார். அதற்கப்பால் கானும் தேயிலை மலையும்தான். இரவில் அவருக்குத் துணை மணி என்ற நாய். சிறுத்தை வந்தாலும் குடிகாரன் வந்தாலும் முதலில் குரைப்பது அதுதான்.

"வன்னியில வளத்த நாய விட்டுட்டுத்தான் ஓடினோம். கொஞ்ச தூரம் பின்னாலயே வந்துச்சு. அந்த நெனப்பு இன்னும் போகல. அதனால இத நான் விடவே மாட்டேன்" என்றார்.

மணிக்கு வயது பத்து. காலையில் அக்காவோடு பெரட்டுக் களம்வரை போய்வருவது அதன் வழக்கம். ஒரு நாள் படிக்கட்டோடு நின்றுவிட்டது. பிறகு, படுத்தால் எழும்பச் சிரமப்பட்டது. குளிர், வயசு என்று அக்கா நினைத்தார். மூன்று மாதம் போயிற்று. ஒரு காலை மணியால் எழும்பவே முடியவில்லை. தூக்கப்போனபோது வலியில் கத்தியது.

தன் முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் வைத்தார் அக்கா. பக்கத்துக் காம்பராப் பிள்ளை, "பெரியம்மா, டொக்டர்கிட்ட கேக்காம குடுக்காதீங்க" என்று தடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளை தடுத்தது நல்லதாயிற்று. மனிதருக்கான டைக்லோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் பழுதாக்கும். உயிரே போகலாம். பனடோலைக்கூட வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

எதைக் கவனிக்க வேண்டும்?

நாய் தன் வலியை எப்போதும் கத்திச் சொல்வதில்லை. நடையில்தான் காட்டும். படுத்து எழும்பும்போது இறுக்கம், படியேறத் தயக்கம், பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போல் தாவுதல், ஒரு மூட்டையே நக்கிக்கொண்டிருத்தல், தொட்டால் உறுமுதல் ஆகியவை அடையாளங்கள். முன்னங்காலில் வலியென்றால், அந்தக் கால் நிலத்தில் படும்போது தலை மேலே எழும்பும். வலியுள்ள காலின் தொடை மெலிந்து வரலாம். நகம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், அந்தக் காலை இழுத்து நடக்கிறது என்று அறியலாம்.

பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். கவ்வாத்து வெட்டிய குச்சி, கண்ணாடித் துண்டு, முள் ஏறியிருக்கலாம். உண்ணிகள் இருக்கலாம். உண்ணி பரப்பும் காய்ச்சலாலும் மூட்டு வலியும் சோர்வும் வரும். மலையகத்தில் பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கும் ஓர் ஆபத்து. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தையைக் காப்பாற்ற முடியாமல் போனது. நாயின் காலில் கம்பி இறுகியிருந்தால், நீங்களே இழுக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

காலை ஊன்றவே முடியாவிட்டால், பின்பக்கம் இழுபட்டால், சிறுநீர் போகாவிட்டால், வாகனம் மோதியிருந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். எவ்வளவு நல்ல நாயும் வலியில் கடிக்கும். அதைப் படங்கில் கிடத்தி, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள்.

இன்னொன்றை மறக்க வேண்டாம். நாய் திடீரெனத் தள்ளாடி, வாயில் எச்சில் வடிந்து, தாடை தொங்கி, குரல் மாறினால் அது விசர்நோயாக இருக்கலாம். எலும்பு சிக்கியதென்று எண்ணி வாய்க்குள் கை விடாதீர்கள். பிள்ளைகளை விலக்கி, மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். கடி, கீறல் பட்டால் அல்லது எச்சில் காயத்தில் பட்டால் 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

யாரிடம் கேட்பது?

பால்மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு அரச மிருக வைத்திய அலுவலகம் பழக்கமான இடம். நாயைப் பற்றியும் அங்கே ஆலோசனை கேட்கலாம். கூடுதல் பரிசோதனை தேவையென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை உண்டு. எந்தக் கால், எப்போது தொடங்கியது, காலையில் கூடுதலா நடந்தபின் கூடுதலா, சாப்பிடுகிறதா, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். கைபேசியில் நாயின் நடையைப் படம்பிடித்துக் காட்டினால் நல்லது. வைத்தியர் முன்னே பயத்தில் நொண்டாமல் நடக்கும் நாய்களும் உண்டு.

மணியைப் பரிசோதித்த வைத்தியர், இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பதாகச் சொன்னார். நாய்க்குரிய மருந்து தந்தார். பாரம் குறைய வேண்டும், சீமெந்துத் தரையில் படுக்கவிடாமல் உலர்ந்த சாக்கு விரிக்க வேண்டும், நாள் முழுக்கக் கட்டிவைக்காமல் சமதரையில் சிறிது சிறிதாக நடக்கவிட வேண்டும், நகம் வெட்ட வேண்டும் என்றார். தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது, ஆனால் வலியைக் குறைக்கலாம் என்றும் விளக்கினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "எத்தன நாளாம்மா இப்படி இருக்கு?"

அந்தக் கேள்விதான் அக்காவை உறுத்தியது. "மணிய மூணு மாசம் காக்க வச்சிட்டேன். யோசிச்சுப் பாத்தா, என் முழங்கால நாலு வருசமா காக்க வச்சிருக்கேன்" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரம் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, தனக்காக கிளினிக் போனார்.

இப்போது மணி பெரட்டுக் களம்வரை போவதில்லை. வாசற்படி இறங்கி, கான் ஓரம்வரை போய் நிற்கிறது. இரவில் முன்போலவே குரைக்கிறது.

சகோதரிகளே, எவ்வளவோ இழப்பின் பின் நம்மோடு வாழ வந்த உயிர் அது. நாளைக் காலையில் உங்கள் வீட்டு நாய் எழும்பி நடப்பதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.