பிரேக் இல்லாத வண்டி, முற்றுகையிட்ட கூட்டம்

போடி மலையடிவாரத்தில் உள்ள முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பே முனகிக்கொண்டு ஏறும். அந்த இறக்கத்தில் பிரேக் இல்லாத சைக்கிளில் வரச் சொன்னால் போடிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஓடுதளப் பந்தய சைக்கிள் அப்படித்தான் இருக்கும். ஒரே கியர், பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், கால் ஓய முடியாது.

அந்த வண்டியில் உலகை வென்றவர் மேஜர் டெய்லர். 1878-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் பிறந்த கறுப்பர். பெயர் மார்ஷல், சிறுவயதில் ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு சைக்கிள் கடை வாசலில் வித்தை காட்டியதால் 'மேஜர்' ஒட்டிக்கொண்டது.

1895-ல் வூஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள ஜார்ஜ் தெரு சுமார் 500 அடி நீளம்தான், ஆனால் செங்குத்து. அதில் ஏறி ஏறியே கால்களை உரமாக்கினார். மறு ஆண்டு நியூயார்க்கில் ஆறு நாள் பந்தயம். 18 வயதுப் பையன் 1,732 மைல் மிதித்து எட்டாவதாக வந்தார்.

வேகத்தைவிட அவருக்குத் தேவைப்பட்டது தப்பிக்கும் சாமர்த்தியம். கறுப்பர் என்பதால் சக வீரர்கள் கூட்டுச் சேர்ந்து அவரை நடுவில் அடைத்துவிடுவார்கள். 1897-ல் டான்டனில், பந்தயம் முடிந்ததும் பெக்கர் என்ற வீரர் அவரைக் கீழே தள்ளி, மயக்கம் வரும்வரை கழுத்தை நெரித்தார். பெக்கருக்குக் கிடைத்தது 50 டாலர் அபராதம்! ஓடுதளத்தில் சூழ்ந்து அடைக்கும் முற்றுகையை உடைக்க டெய்லர் நம்பியது கடைசி நேரத்துத் திடீர்ப் பாய்ச்சலை. 1899-ல் மான்ட்ரியலில் ஒரு மைல் ஸ்பிரின்ட்டில் உலக சாம்பியனானார்.

ஐரோப்பா அழைத்தது. ஆனால் பக்தியுள்ள பாப்டிஸ்ட் கிறிஸ்தவரான அவர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தொட மாட்டார். பெரும் பந்தயங்கள் ஞாயிறன்றுதான் என்பதால் பணம் கைவிட்டுப் போனது, அவர் அசையவில்லை. 1901-ல் ஏற்பாட்டாளர்களே இறங்கிவந்தார்கள். பாரிசில் பிரெஞ்சு சாம்பியன் ழாக்லேனிடம் முதல் மோதலில் தோற்று, அடுத்ததில் வென்றார். பின்பு ஆஸ்திரேலியா. 1904-ல் அங்கே பிறந்த மகளுக்கு 'சிட்னி' என்றே பெயரிட்டார்.

1910-ல் ஓய்வு பெற்றார். வியாபாரம் கைகொடுக்கவில்லை. 1928-ல் தன்வரலாற்றைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, வீடு வீடாக விற்றார். 1932-ல் சிகாகோ மருத்துவமனையின் தரும வார்டில் உயிர் பிரிந்தது. அடையாளமற்ற குழியில் புதைத்தார்கள். 1948-ல்தான் பழைய பந்தய வீரர்கள், ஷ்வின் சைக்கிள் கம்பெனி முதலாளி கொடுத்த பணத்தில், உடலைத் தோண்டி எடுத்து முறையான கல்லறைக்கு மாற்றினார்கள். பிறந்த ஊர் இன்னும் தாமதம்: இண்டியானாபொலிஸ் 1982-ல் திறந்த ஓடுதளத்துக்கு அவர் பெயரை வைத்தது.