"அந்தப் பெட்ரோல் இன்ஜின் இருக்குங்களா?"

போன மாதம் ஓர் இளைஞர் பெரியப்பா வீட்டைத் தேடி வந்தார். பழைய மார்க் 2 அம்பாசடர் ஒன்றை வாங்கி, முதலில் வந்த வடிவத்துக்கே கொண்டுபோகப் பாடுபடுகிறாராம். முன்கிரில் கிடைத்துவிட்டது, ஸ்டீரிங் வளையமும் கிடைத்துவிட்டது. ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது டீசல் இன்ஜின். "உங்க வண்டியில இருந்து இறக்குன பெட்ரோல் இன்ஜின் எங்கயாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "அத எடைக்குப் போட்டு நாப்பது வருசம் ஆகப்போகுது, தம்பி."

எடைக்குப் போட்ட அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு பட்டறை. மூன்று இரும்புக் குழாய்களை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே செயின் பிளாக் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டியின் மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மெக்கானிக் சங்கிலியை இழுக்க இழுக்க, இன்ஜின் முழுசாக மேலே எழுந்து வந்தது. கீழே காலியாகக் கிடந்த குழியைப் பார்த்தபோது, இனி இந்த வண்டி ஓடவே ஓடாது என்று பயந்துபோனேன். பெரியப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கணக்கு தெளிவானது. வெல்ல மண்டி வைத்திருந்தவர். ஈரோட்டுக்கும் பழனிக்கும் ஓயாமல் ஓட்டம்; முகூர்த்த மாதங்களில் வண்டி வாடகைக்கும் போகும். பெட்ரோல் அம்பாசடர் லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம். டீசல் பதினான்கு கொடுக்கும். விலையோ பெட்ரோலில் பாதிகூட இல்லை. ஆக, ஒரு கிலோமீட்டருக்கான எரிபொருள் செலவு மூன்றில் ஒன்றாகிவிடும். மாற்றுகிற கூலியும் இன்ஜின் விலையும் இரண்டு வருடத்தில் கைக்கு வந்துவிடும் என்று மண்டிக் குறிப்பேட்டின் ஓரத்திலேயே எழுதிப் பார்த்திருந்தார்.

அரசு டீசலை மலிவாக வைத்தது லாரிக்காகவும் பஸ்ஸுக்காகவும் வயல் பம்புசெட்டுக்காகவும். அந்த மலிவுக்குள் கார்க்காரர்கள் புகுந்துகொண்டார்கள், அவ்வளவுதான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980-இல் அம்பாசடரிலேயே டீசல் வண்டியை இறக்கியது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அதுதான். 1,489 சி.சி., 37 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள்கூட அதைவிட அதிகம் இழுக்கும். ஆனால் அதற்கு ஓர் அனுகூலம் இருந்தது. பெட்ரோல் இன்ஜினும் டீசல் இன்ஜினும் பி.எம்.சி. பி-சீரீஸ் என்ற ஒரே குடும்பம். அதனால் பழைய வண்டியின் எலும்புக்கூட்டில் புதிய இன்ஜினை உட்கார்த்துவது அவ்வளவு முரண்டு பிடிக்கவில்லை. பெரியப்பாவின் இன்ஜின், விபத்தில் நொறுங்கிய ஒரு டாக்சியிலிருந்து வந்தது.

இது அம்பாசடரோடு தொடங்கிய பழக்கமும் இல்லை. இங்கிலாந்தில் பெர்கின்ஸ் நிறுவனம் 1937-இல் கொண்டுவந்த பி6 டீசல் இன்ஜின், பெட்ரோல் லாரிகளுக்கு மாற்று இன்ஜினாகவே பேர்வாங்கியது. அதையே 1950-களில் சென்னை சிம்சன் தயாரித்தது. ஜீப்காரர்கள் வில்லிஸ் காலத்துப் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, கிடைத்த டீசலை மாட்டினார்கள். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, நம் ஊர் பஸ்கள் கரியடுப்பை முதுகில் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின. வண்டிக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது என்பதை நம்மவர்கள் என்றுமே வண்டி செய்தவனிடம் விட்டதில்லை.

மாற்றுவது சும்மா வேலையும் அல்ல. பெட்ரோல் இன்ஜின் காற்றையும் பெட்ரோலையும் கலந்து உறிஞ்சி, பிளக்கின் பொறியால் பற்றவைப்பது. டீசல் வெறும் காற்றை இருபது மடங்குக்கும் மேல் நெருக்கும். அந்த நெருக்கத்திலேயே காற்று கொதிக்க, அதில் நாசில் டீசலைப் பீய்ச்சும். அத்தனை அழுத்தத்தைத் தாங்க எல்லாமே கனமாக இருந்தாக வேண்டும். கனம் கூடியதால் வண்டியின் மூக்கு தாழ்ந்தது. முன்பக்க டார்ஷன் பாரை முறுக்கித் தூக்கினார்கள். சுற்றித் தொடங்கவே பலம் வேண்டும் என்பதால் பெரிய பேட்டரி. நாசிலில் மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்ப, புதிதாக ஒரு குழாய். கார்ப்பரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், பிளக் வயர்கள் எல்லாம் ஒரு கோணிப்பைக்குள் போயின.

பிறகு வந்ததுதான் சத்தம். வண்டி தெருமுனை திரும்பும்போதே பெரியம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவார். சிக்னலில் நின்றால் கண்ணாடி, டேஷ்போர்டில் ஒட்டிய முருகன், பின்சீட்டில் நாங்கள், எல்லாரும் சேர்ந்து நடுங்குவோம். மேட்டில் ஏறும்போது பின்னால் வருகிறவர் எங்கள் புகைக்குள் காணாமல் போவார். பெரியப்பா இதையெல்லாம் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் சத்தத்துக்கோ புகைக்கோ ஒரு வரிகூட இல்லை. அந்தப் புகைக்குப் பின்னால் வந்தவர்கள் என்ன கணக்கு எழுதியிருப்பார்களோ.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் நம்பரையும் "டீசல்" என்ற சொல்லையும் மையால் எழுதி வாங்கியதோடு சடங்கு முடிந்தது.

இன்றைக்கு அந்தக் குறிப்பேட்டைத் திறந்தால் கூட்டல் வேறு விதமாக வரும். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். 2013 ஜனவரியிலிருந்து டீசலை மாதம் சில பைசாக்களாக ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் அதன் விலைக்கட்டுப்பாட்டை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். 2020 ஜூனில் டெல்லியில் ஒரு நாள் டீசல் பெட்ரோலையே தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் மாருதி டீசல் கார்களையே கைவிட்டது. மாற்றும் ஆசை வற்றியதற்கு மாசுக் கவலையைவிட இந்தச் சில ரூபாய்களே முதல் காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆசை இருந்தாலும் இனி முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றலாம். அதற்கும் அங்கீகாரம் பெற்ற கிட்டும் முன் அனுமதியும் வேண்டும். சட்டம் போகட்டும், வண்டியே ஒத்துழைக்காது. இன்றைய இன்ஜின் ஒரு கணினியோடு பேசுகிறது. அந்தக் கணினி சாவியோடும் பிரேக்கோடும் கியரோடும் பேசுகிறது. ஒருவரைத் தூக்கிவிட்டு இன்னொருவரை உட்கார வைத்தால் மற்ற எல்லாரும் வாய்மூடிவிடுவார்கள். சங்கிலியை இழுத்த அந்த மெக்கானிக்கின் மகன், பட்டறையில் லேப்டாப் வைத்திருக்கிறார். செயின் பிளாக் துருப்பிடித்து மூலையில் கிடக்கிறது.

கேள்வி கேட்டு வந்த இளைஞர் எழுந்திருக்கவில்லை. பெரியம்மா பரணில் இருந்த கோணிப்பையை இறக்கச் சொன்னார். பெரியப்பாவே மறந்துபோனது. உள்ளே டிஸ்டிரிபியூட்டர் மூடியும், பிசுக்கேறிய கார்ப்பரேட்டரும் இருந்தன. அவற்றைக் கையில் வாங்கியபோது இளைஞரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"எவ்வளவு தரட்டுங்க?"

"கொண்டுபோ, கண்ணு."

காசு வாங்காத மகிழ்ச்சியில், பெரியப்பா ஷெட்டில் நிற்கும் வண்டியையும் காட்டினார். ஹீட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினார். இளைஞர் செல்போனைப் பார்த்தபடி காத்திருந்தார். வண்டி இரண்டு முறை இருமியது, ஷெட்டை வெள்ளைப் புகை நிறைத்தது, பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது. இளைஞர் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்வாங்கினார். அப்புறம் மெல்லக் கிட்டே வந்து காது கொடுத்தார்.

பெரியப்பா சாவியைத் திருப்பி வெளியே எடுத்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"சாவிய எடுத்துட்டீங்க. இன்னும் ஓடுதுங்களே?"

"சாவிக்கு அடங்குறது பெட்ரோலு, கண்ணு" என்று சொல்லி, டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த சின்னக் குமிழை விரல்களால் பிடித்து இழுத்தார்.