நாய் ஊளையிடுவது ஏன்?

நடுச்சாமத்தில் நாய் ஊளையிட்டால் எமனைக் கண்டுவிட்டது என்று கல்லெடுத்து எறிவோர் நம்மிடையே உண்டு. உண்மையில் ஊளை என்பது தூரத்திலுள்ள தன் இனத்தை அழைக்கும் குரல்; ஓநாய் வழியில் வந்த பழக்கம். மடவார் வளாகம் கோயிலில் சங்கு ஊதினாலும், ஆலைச் சங்கு ஒலித்தாலும் தெரு நாய் தலையைத் தூக்கி உடன் குரல் கொடுப்பது இதனால்தான். ஒலி நின்றால் ஊளையும் நிற்கும், பொருட்படுத்த வேண்டாம்.

தோப்புக் காவலுக்குக் கட்டிய இராஜபாளையம் நாய் இரவெல்லாம் ஊளையிடுவது வேறு. பெரும்பாலும் அது தனிமை. பகல் முழுவதும் சங்கிலியில் கிடந்த நாய் இரவில் ஆளைத் தேடுகிறது. காலை, மாலை அவிழ்த்து ஓடவிடுங்கள். காவலாள் படுக்கும் இடத்தருகே கட்டுங்கள். ஊளையிடும்போது அடித்தால் அச்சம் கூடும். ஓடிப்போய்ச் சோறு வைத்தால் பழக்கம் முற்றும். அடங்கிய பின் தட்டிக்கொடுங்கள். (இவ்வெள்ளை நாய்களில் சில பிறவிச் செவிடு. அவற்றை அதட்டிப் பயனில்லை. குட்டி வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது.)

அஞ்ச வேண்டிய ஊளை ஒன்று உண்டு. குரல் கரகரத்து மாறி, எச்சில் வடிந்து, தாடை தொங்கி, தீனி விழுங்க முடியாமல் போனால் அது வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாயில் கைவிடாதீர்கள். கையில் சிறு கீறல் இருந்தாலும் எச்சில் வழியே நோய் தொற்றும். நாயைத் தனியே அடைத்து, கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். நோய்க்குறி கண்டபின் மருந்தில்லை. நாய்க்கு 3 மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பின் ஆண்டுதோறும்.