ஆங்கிலம் கற்க வெட்கம் எதற்கு?

நாமக்கல் லாரி டிரைவர் அசாம் வரை போய் வருகிறார். டயர் மாற்ற, செக்போஸ்ட்டில் பதில் சொல்ல, தாபாவில் ரொட்டி கேட்க எல்லாவற்றுக்கும் இந்தி பேசுகிறார். எந்தப் பள்ளியில் படித்தார்? கிளீனராகப் போன காலத்தில் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். இலக்கணம் தப்பு என்று யாராவது சிரித்தாலும் அவர் சட்டை செய்வதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் வடக்கே இருந்து வந்து கடை வைத்தவர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் கொச்சைத் தமிழ்தான் பேசினார்கள். அந்தத் தமிழை வைத்தே நம்மிடம் பேரம் பேசி, நம் ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். அம்மாப்பேட்டைப் பக்கம் வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் தமிழ். தறிக்காரர் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் உண்டு. ஜவ்வரிசி வியாபாரிகளைக் கேட்கவே வேண்டாம். மகாராஷ்டிரத்துப் பார்ட்டி போன் செய்தால் 'சபுதானா' ரேட்டை இந்தியில் சொல்லிவிட்டு, அடுத்த போனைத் தமிழில் எடுப்பார்கள். ஆக, நம் சேலம், நாமக்கல் வியாபாரிக்கு பாஷை என்றால் பயம் கிடையாது. ஆங்கிலம் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

நமக்குத் தோன்றும் காரணம் இதுதான். இந்தியை நாம் சந்தையில் கற்றோம். ஆங்கிலத்தைப் பிரம்புக்கு எதிரில் கற்றோம். நமக்கு அது பாஷையாக வரவில்லை, பரீட்சையாக வந்தது. நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர், "எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ்ல போயிடுச்சுங்க, அப்பா கடையில உக்கார வெச்சுட்டார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்! நாற்பது ஆண்டு கடை நடத்தி, பிள்ளைகளை இன்ஜினீயர் ஆக்கி, ஊரில் நாலு பேருக்கு மத்தியஸ்தம் செய்கிற மனிதர், ஒரு ஆங்கிலக் காகிதத்தைக் கண்டால் மறுபடி அந்தப் பத்தாம் வகுப்புப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. நாம் வெட்கப்படுவது வெள்ளைக்காரனுக்கு முன்னால் அல்ல. அவன் நம் கடைக்கு எங்கே வருகிறான்? சொந்தப் பேரப்பிள்ளைக்கு முன்னால், சம்பந்தி வீட்டாருக்கு முன்னால், கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் கடைப் பையனுக்கு முன்னால்தான் கூச்சம். "முதலாளிக்கே தெரியாதா?" என்று அவன் நினைத்துவிடுவானோ என்ற பயம். அதனால் நோட்டீஸ் வந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, படிப்பதுபோல் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம். இந்த மடித்து வைக்கும் பழக்கம்தான் ஆபத்து.

நாமக்கல் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு வாங்கிய செக் திரும்பி வந்தது. பாங்கு மெமோவில் 'ரெஃபர் டு டிராயர்' என்று இருந்தது. 'டிராயர்' என்றால் மேஜை டிராயர்தானே, ஏதோ பாங்குக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்து, தம் மேஜை டிராயரிலேயே போட்டுவிட்டார். பக்கத்துக் கடையில் பட்டம் படித்த பிள்ளை இருந்தான். கேட்க மனம் வரவில்லை. 'டிராயர்' என்பது செக் எழுதிக் கொடுத்தவர். "அவரிடமே கேட்டுக்கொள்" என்பதுதான் அந்த வாசகத்தின் பொருள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவுப்படி, பணம் இல்லாமல் செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களில் அவர் பணம் தராவிட்டால், அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் செய்ய வேண்டும். நம்மவர் வக்கீலிடம் போனபோது 30 நாள் தாண்டிவிட்டது. மறுபடி பாங்கில் போடலாம் என்றால் செக்கின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்தது. சிவில் வழக்கு ஒன்றுதான் மிச்சம். மூன்று ஆங்கிலச் சொல் தெரியாததல்ல அவருக்கு நஷ்டம். கேட்க வெட்கப்பட்டதுதான் நஷ்டம்.

இதற்குப் பிறகுதான் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வகுப்பு வைத்துக்கொண்டோம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒத்துக்கொண்டார். இடம், ஒரு மண்டியின் பின்கட்டு குடோன். தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அந்த இடம்! முதல் நாள் வந்தவர் மூன்று பேர். அதில் ஒருவர், "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று மல்லி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஆசிரியர் கெட்டிக்காரர். புத்தகமே எடுக்கவில்லை. "உங்கள் கடையில் இன்று பேசிய ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள்" என்றார். ஸ்டாக், லோடு, ரேட், பில், பேலன்ஸ், டேமேஜ், ரிட்டர்ன், டிஸ்கவுண்ட், டெலிவரி, கிரெடிட் என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்தான் அதிகம் சொன்னார்.

அடுத்து உச்சரிப்பு. தமிழில் 'பேக்' என்று எழுதினால் அது பையாகவும் இருக்கலாம், கட்டுவதாகவும் இருக்கலாம், பின்பக்கமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு ஒலி. நம் எழுத்தில் அந்த வேறுபாடு இல்லாததால் நாக்கு தடுமாறுகிறது. இது அறிவுக் குறைவு அல்ல என்று ஆசிரியர் விளக்கியபோது பாதிப் பயம் போய்விட்டது. ஊமை எழுத்துக்கள் கதை வேறு. ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' என்ற சொல்லில் ஒரு 'பி' எழுத வேண்டும், சொல்லக்கூடாது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்பதிலும் அப்படி ஒரு 'பி'. "பேரேட்டில் இருக்கும், கைக்கு வராது, நம்ம பழைய பாக்கி மாதிரி" என்றார் ஒரு நண்பர். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கூச்சமும் போயிற்று.

பிறகு எங்கள் பாடப்புத்தகமே பில்லும் சரக்கு லேபிளும்தான். நம் பில்லின் அடியில் காலங்காலமாக 'ஈ அண்ட் ஓ.ஈ.' என்று அச்சடித்து வருகிறோம். எத்தனை பேருக்குப் பொருள் தெரியும்? 'எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் எக்ஸெப்டட்', அதாவது கணக்கில் பிழையோ விடுபட்டதோ இருந்தால் திருத்திக்கொள்ளும் உரிமை உண்டு என்பது. லேபிளில் 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்தத் தேதி வரை சரக்கு முழுத் தரத்தோடு இருக்கும் என்று பொருள். 'எக்ஸ்பைரி', 'யூஸ் பை' என்றால் அந்தத் தேதிக்குப் பிறகு விற்கவே கூடாது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு 'ஷோ காஸ் நோட்டீஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. "ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று காரணம் சொல்லு" என்பதுதான் அது. தண்டனை அல்ல, கேள்வி. ஆடிட்டர் பதில் எழுதட்டும். எத்தனை நாளுக்குள் என்ற வரியையாவது நாமே படித்துக்கொள்ளலாமே!

வயதாகிவிட்டது என்பவர்களுக்கு ஒரு செய்தி. கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயனி அம்மா 2018-ல், தம் 96-வது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். கடைக்குப் போய்விட்டதால் படிப்பு போயிற்று என்பவர்கள் காமராஜரை நினைக்கலாம். பள்ளியைப் பாதியில் விட்டு மாமாவின் ஜவுளிக் கடையில் நின்றவர். பிற்பாடு சிறையில் தாமாகவே படித்துக்கொண்டார். ஆங்கிலப் பத்திரிகை படிக்கவும், எதிரில் பேசும் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளவும் அவரால் முடிந்தது. சீனத்தில் அலிபாபா கம்பெனியை 1999-ல் ஆரம்பித்த ஜாக் மா, சிறுவனாக இருந்தபோது ஹாங்சௌ நகரத்து ஓட்டலுக்குச் சைக்கிளில் போய், வெளிநாட்டுப் பயணிகளுக்குக் காசு வாங்காமல் ஊரைச் சுற்றிக்காட்டித்தான் ஆங்கிலம் பழகினார். நம் லாரி கிளீனர் வழிதான்.

வெள்ளைக்காரன் மட்டும் வெட்கப்பட்டானா? கறி, மாங்காய், கயிறு, சுருட்டு, கட்டுமரம் என்று தமிழிலும் மலையாளத்திலும் இருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டான். மிளகுத்தண்ணீர் அவன் வாயில் 'மல்லிகடானி' ஆயிற்று. நம்மில் யாராவது அவன் உச்சரிப்புத் தப்பு என்று அவமானப்படுத்தினோமா?

எங்கள் வகுப்புக்கு இப்போது பதினான்கு பேர் வருகிறார்கள். சிலர் வீட்டம்மாவையும் அழைத்து வருகிறார்கள். கல்லாவில் உட்காருபவர் அவர்தானே. ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் சங்கத்தினர் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டால் சொல்ல அதிகமில்லை. பொறுமையான ஆசிரியர் ஒருவர், கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம், ஒரு கட்டுப் பழைய பில் போதும். முதல் மாதம் தேர்வு வைக்காதீர்கள். கடைப் பையன்களுக்கு வேறு நாளில் வகுப்பு வையுங்கள். முதலாளியும் பையனும் ஒரே பெஞ்சில் இருந்தால் இருவரும் வாய் திறப்பதில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் விடுமுறை விடுங்கள். துவக்க விழா, மாலை, போட்டோ எதுவும் வேண்டாம். போட்டோ எடுப்பார்கள் என்று தெரிந்தால், வர வேண்டியவர் வரமாட்டார்.